பத்திரிகையில் பேர்

ஆவணி 17, புதன்

இன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், உலகம்மாள். என் மருமகள் கோமதி. அவள் தம்பி பலவேசம். பத்தரை மணிக்குச் சிலிண்டர் கொண்டுவந்த தாடிக்காரன், அவன் நடையைத் தாண்டி உள்ளே வரவில்லை. கீழ்வீட்டு ராசாத்தி, கறிவேப்பிலை கேட்டு வந்தவள் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். பேத்தி செண்பகம் நாகர்கோவில் நர்சிங் ஹாஸ்டலில். வேறு யாரும் இல்லை. பிற்பாடு யாராவது வந்து அப்படி நடக்கவில்லை, இப்படி நடந்தது என்று பேசக்கூடாது என்பதற்குத்தான் எழுதி வைக்கிறேன். ஐந்தாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நடந்ததை மறக்க மாட்டேன். என் கல்யாணப் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனவன் பேர் இன்னமும் எனக்குத் தெரியும்.

சமையல் முடிந்து கோமதி கம்ப்யூட்டரைப் போட்டாள். என் மகன் ஆவுடையப்பன் செத்துப்போன இந்த ஆறு வருசமாக எங்களுக்குச் சோறு போடுவது அந்தப் பெட்டிதான். வள்ளியூர் நெல்சன் ஸ்டூடியோவில் எடுக்கிற கல்யாணப் படங்களை இவள் ஆல்பமாக அடுக்கிக் கொடுப்பாள். மாப்பிள்ளை மூக்கில் பரு இருந்தால் எடுத்துவிடுவாள். தூங்கி வழிகிற சித்தப்பாவின் கண்ணைத் திறந்து வைப்பாள்.

"அத்தை, இங்க வாங்களேன்."

கூப்பிட்ட குரலே சரியில்லை. போய்ப் பார்த்தேன். படங்கள் எல்லாம் வெள்ளைத் தாளாக நின்றன. ஒவ்வொன்றின் பேருக்குப் பின்னாலும் வாயில் நுழையாத ஒரு வால் ஒட்டியிருந்தது. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. ஸ்டூடியோவில் கொடுத்த கறுப்பு டிஸ்க்கும் நேற்றிலிருந்து அதில்தான் சொருகியிருந்தது. அதிலும் அதே கதி. நடுவில் இங்கிலீஷில் ஒரு அறிவிப்பு. பலவேசம் வாசித்துச் சொன்னான்: உங்கள் படங்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டும் என்றால் காசு அனுப்பு என்று போட்டிருக்கிறதாம்.

"எவம்ல அவன்?"

"பேரு போடல அத்தை."

"பேரு போடாதவன்ட்ட நமக்கு என்ன பேச்சு? மூடு அத."

அவன் மூடினான். அது மறுபடியும் வந்து நின்றது.

செண்பகத்தின் சின்ன வயசுப் படங்களும் ஆவுடை படங்களும் கோமதி போனிலும் இருக்கின்றன. அதற்கு மட்டும் மூச்சு விட்டேன். ஆனால் திசையன்விளைக் கல்யாணம் வேறு எங்கும் இல்லை. அந்தப் பொண்ணின் தகப்பனார் மகளைக் கட்டிக்கொடுத்த ஏழாம் நாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். கட்டட வேலைக்குப் போகிற மனுசன், போட்டோவுக்கு என்று நின்றதே அந்த ஒரு நாள்தான். வருகிற வெள்ளி கழித்து அடுத்த வெள்ளி, இருபத்தாறாம் தேதி, பதினாறாம் நாள் விசேசம். அதற்குப் பெரிதாக ஒரு படம் போட்டுத் தருவதாகக் கோமதி ஒப்புக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் ஸ்டூடியோவுக்குப் போனப்ப இத ஆரு தொட்டா?" என்று கேட்டாள்.

பலவேசம் தலையை ஆட்டி இல்லை என்றான். எனக்கு அடுப்பில் பால் ஞாபகம் வந்தது, எழுந்து போனேன். பால் பொங்கவில்லை.

ஆவணி 18, வியாழன்

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வியாகப்பன் வந்தார். உவரிக்காரர், ஐம்பது வயசு இருக்கும். செருப்பை ஜோடியாகக் கழற்றி ஓரமாக வைத்தார். அதனால் எனக்கு அவர்மேல் ஒன்றும் இல்லை.

வந்ததும் உட்காரவில்லை. சுவரிலிருந்து வருகிற நெட் வயரைத்தான் முதலில் உருவினார்.

"இது உள்ள இருந்துகிட்டு வெளிய பேசிட்டு இருக்கும். மொதல்ல வாய அடைக்கணும். இதுல இனிமே பாஸ்வேர்டு எதையும் அடிக்காதிய. பேங்க்கு, மெயிலு, எல்லாத்தையும் வேற ஆளு போன்ல வச்சு இன்னிக்கே மாத்துங்க."

"வைரஸா அண்ணாச்சி?" என்றாள் கோமதி.

"வைரஸ்னா சளி மாதிரி. தானா ஒட்டும். இது ட்ரோஜன். இது வேற சாதி. நல்ல துணியக் கட்டிட்டு நடையில வந்து நிக்கும். பில்லு மாதிரி வரும், பாட்டு மாதிரி வரும். நாம வாங்கன்னு சொன்னாத்தான் உள்ள வரும். உள்ள வந்து ஒக்காந்ததும் பின்வாசலத் தொறந்து கூட்டாளிய எல்லாம் கூப்ட்டுரும். படத்தப் பூட்டுனவன் அப்படிப் பின்வாசல்ல வந்தவன்."

"அழைக்காம வராதா?" என்று நான்தான் கேட்டேன்.

"வராது ஆச்சி. மானஸ்தன்." அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பிறகு, "தொறந்தது ஆரு?" என்றார்.

கோமதி தம்பியைப் பார்த்தாள். அவன் சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ் எப்போதும் தொங்கும். அதில் சினிமா ஏற்றிக்கொண்டு வருவான்.

"நான் இல்லக்கா."

"போன வாரம் பென்டிரைவ அதுல சொருகி வச்சிருந்தியேடே" என்றேன்.

போன வாரம் என்றுதான் சொன்னேன். நேற்று என்றோ முந்தாநாள் என்றோ நான் சொல்லவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வியாகப்பன் வேறு சாமான் எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார். "உள்ள இருக்கவன வெளியேத்திருவேன். ஆனா அவன் போட்ட பூட்டுக்கு எங்கிட்ட சாவி கிடையாது. காசு அனுப்புனாலும் அவன் குடுக்க மாட்டான். அந்த ஆசைய விட்ருங்க."

ஆவணி 19, வெள்ளி

கோமதி சாப்பிடவில்லை. பலவேசமும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், மாத்திரை போட வேண்டுமே.

ஆவணி 20, சனி

கோமதி காலையில் ஸ்டூடியோவுக்குப் போனாள். ஸ்டூடியோக்காரர் நெல்சன் கேமரா கார்டுகளை ஏற்கெனவே அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டாராம். டிஸ்க்கில் இருந்தது ஒன்றுதான் பிரதி. "அந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்லணுமோ நீங்களே சொல்லிக்கிடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

வெயிலில் நடந்து வந்து படி ஏறினாள். அந்த நேரம் பார்த்துப் பலவேசம் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். அவனுக்குக் காலம் நேரம் கிடையாது.

"சீவு. நல்லாச் சீவு. எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டு ஒனக்குத் தல ஒண்ணுதான் கொற."

"அக்கா, சத்தியமா நான் எதையும் தொறக்கல."

"பின்ன அந்தப் பென்டிரைவுல என்ன, தேவாரமா வச்சிருந்த? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ரெண்டு வருசமா பரிச்ச எழுதுதேன், பரிச்ச எழுதுதேன்னு இங்கனயே கெடக்கியே, ஒரு நாளு கேட்டிருப்பேனா நான்?"

"இப்பக் கேட்டுட்டல்லா" என்றான் அவன்.

சத்தம் போடவில்லை. பையை எடுத்தான், இரண்டு பேண்ட், நாலு சட்டை, பரீட்சைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அலமாரியிலேயே வைத்தான். கோமதி அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். வாசலில் என்னிடம், "வாரேன் அத்தை" என்றான். போகிற ஆள் அப்படித்தான் சொல்ல வேண்டும், சொன்னான்.

எனக்கும் அவனுக்கும் ஆகாதுதான். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே என் மகன் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றவன். கோமதிதான் எடுத்துக் கொடுத்தாள். நீலக் கட்டம் போட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை.

சாயங்காலம் பூ விற்கிறவள் கேட்டாள், தம்பி எங்கே என்று. வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன்.

ஆவணி 21, ஞாயிறு

இன்றைக்கு வேறு ஒரு விசயம் எழுதுகிறேன். இதற்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி, சங்கரவடிவு. அவளுக்கு மூத்த மகள் கல்யாணம், இருபத்தாறு வருசத்துக்கு முந்தி, தை மாசம். பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துப் புருசனும் பெண்டாட்டியுமாக வந்து கொடுத்தார்கள். அவர்கள் தெரு திரும்புகிற வரைக்கும் இவர் காத்திருந்தார். பிறகு பிரித்தார். மேலே பிள்ளையார். பெரியவர்கள் பேர், மாப்பிள்ளை வீட்டு மாமன் மச்சான் பேர், வெளியூரில் இருக்கிற பெரிய மனுசன் ஒருத்தன் பேர். கடைசியில் பொடி எழுத்தில் அச்சகத்துக்காரன் பேர்கூட இருந்தது. பொண்ணுக்குத் தாய்மாமன் இவர். இவர் பேர் இல்லை.

திருப்பிப் பார்த்தார். கவருக்குள் விரலை விட்டுப் பார்த்தார், வேறு தாள் இருக்குமோ என்று. அந்த விரல் எனக்கு இப்போதும் தெரிகிறது.

"விட்டுப் போயிருக்கும்" என்றார். விட்டுப்போகிற பேரா அது? நான் விடவில்லை. நாங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை. தாய்மாமன் மாலையை வேறு எவனோ போட்டான். அதோடு போக்குவரத்து முறிந்தது. பதினைந்து வருசம் முந்தி இவர் போனபோது சங்கரவடிவு வந்து தெருவில் நின்று அழுதாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவளும் வரவில்லை.

அவர் பேரை நான் வாயால் சொன்னது கிடையாது. எழுதலாம், தப்பில்லை. ந. சொக்கலிங்கம். ஒரு வரிகூட வேண்டாம், அரை வரியில் அடங்கியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நான் கம்ப்யூட்டரில் திருச்செந்தூர் ஆவணித் திருவிழா பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் போடவும் மாற்றவும் கோமதி எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவள் வாட்ஸ்அப்பும் அதிலேயே ஓரத்தில் திறந்து கிடக்கும். அதில் ஒன்று வந்து விழுந்தது. சங்கரவடிவு பேரன் ராசவேலு, பேரும் படமுமாக; சொந்தக்காரப் பிள்ளைகள் குரூப் வழியாகக் கோமதி நம்பர் அவனிடம் உண்டு. ‘எங்கள் இல்லத் திருமண விழாவிற்கு அன்புடன் அழைக்கிறோம்.’ கீழே பத்திரிகை.

நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைக்காமல் கம்ப்யூட்டரில் அனுப்புகிறார்களே என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகு ஒரு எண்ணம். அடுத்த தலைமுறைப் பிள்ளைகள். விசயம் தெரிந்து இப்போதாவது போட்டிருப்பார்களோ. செத்துப்போனவர்கள் பேரையும் மேலே போடுவார்கள், தெய்வத்திரு என்று.

பார்த்தேன். அதில் என்ன தப்பு?

அமுக்கினேன். சிவப்பாக ஒரு பெட்டி வந்தது, இங்கிலீஷில். கல்யாணப் பத்திரிகை பின்னே என்ன நிறத்தில் வரும்? மஞ்சளும் சிவப்பும்தான். கீழே இரண்டு பொத்தான். எது கேட்டாலும் இடது பக்கம் அமுக்கினால் உள்ளே போகலாம் என்று கோமதி திருவிழாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். இடது பக்கம் அமுக்கினேன். கறுப்பாக ஒன்று மின்னிவிட்டு மறைந்துவிட்டது. எழுத்து ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினேன். மொத்தம் நாலு தடவை. ஐந்தாவதுக்குக் கை வைக்கும்போது படியில் கோமதி செருப்புச் சத்தம் கேட்டது. சாமி ஊர்வலத்துக்கு மாற்றிவிட்டேன்.

அதனால்தான் இது வந்தது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஆவணி 22, திங்கள்

காலையில் இருந்து போன் ஓயவில்லை. முதலில் தென்காசியிலிருந்து தங்கப்பழம், இவருடைய பெரியப்பா மகன்.

"என்ன மயினி, உங்க வீட்டுல கல்யாணமாமே? ஒரு வார்த்த சொல்லல?"

"ஆரு சொன்னா?"

"கோமதி நம்பர்ல இருந்து பத்திரிக வந்திருக்கே. ஆருக்குக் கல்யாணம், பேத்திக்கா? இல்ல கோமதிக்கேவா?"

பக்கத்தில் நின்ற கோமதி காதில் அது விழுந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

"தொறக்கவே மாட்டேங்கு மயினி. நானும் நாலஞ்சு வாட்டி அமுக்கிட்டேன். எங்க அப்பா பேரு போட்டிருக்கியளா?"

"போட்டாச்சு. போன வை" என்றேன்.

அப்புறம் களக்காடு, அப்புறம் ஏர்வாடி. எல்லோருக்கும் அதே கேள்வி. ஏர்வாடிக்காரிக்கு அவள் பேருக்கு முன்னால் மாமியார் பேர் வந்துவிட்டதோ என்று கவலை. வயரை உருவுவதற்கு முன்னாலேயே எவனோ அவள் வாட்ஸ்அப்பைப் பிடித்துக்கொண்டு, கோமதி பேரில் இதை எல்லா நம்பருக்கும் அனுப்பியிருக்கிறான். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, "அது நாங்க அனுப்பல, தொறக்காதிய, தொறந்திருந்தா கடையில கொண்டுபோய்க் காட்டுங்க" என்று சொன்னாள். மத்தியானம்வரை அதே வார்த்தை. கடைசியில் குரல் போய்விட்டது.

மூன்று மணிக்கு ஒரு புது நம்பர். நான்தான் எடுத்தேன்.

"மயினி, நாந்தான் வடிவு."

"எந்த வடிவு?"

"சங்கரவடிவு. ராசவேலு போன எவனோ பிடிச்சுக்கிட்டானாம். அவன் அனுப்புத மாதிரி எல்லாருக்கும் பத்திரிக போவுதாம். இங்க கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவனுக்கு வயசு பத்தொம்பதுதான் ஆவுது. உங்களுக்கும் வந்திருக்குமேன்னு... தொறந்துராதிய மயினி."

"உங்க வீட்டுப் பத்திரிகைய நாங்க ஏன் தொறக்கப் போறோம்?" என்றேன்.

"சரி மயினி" என்றாள். குரல் கிழவிக் குரலாகிவிட்டது. வைத்துவிட்டாள்.

ஆவணி 23, செவ்வாய்

வியாகப்பன் ஒன்பது மணிக்கு வந்து மத்தியானச் சாப்பாடு தாண்டித்தான் எழுந்தார். கம்ப்யூட்டரை அது வழக்கமாக விழிக்கிற வழியில் விடாமல் தன்னுடைய பென்டிரைவ் ஒன்றைச் சொருகி அது வழியாக எழுப்பினார்.

"உள்ள இருக்கவன் முழிக்கக் கூடாது. அவன் தூங்கும்போதே வீட்ட அலசிரணும்."

ஒரு பட்டியல் ஓடியது. ஒரு பேரில் விரலை வைத்தார். "பாத்தியளா, கம்ப்யூட்டரோட சொந்தப் புரோகிராம் பேரு மாதிரியே வச்சிருக்கான். ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அவசரத்துல பாத்தா நம்ம வீட்டு ஆளுன்னுதான் தோணும்." அதை எடுத்துப் போட்டார். திரும்ப எழுப்பிப் பார்த்தால் அதே இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. இன்னொருத்தன் வேறு மூலையில் ஒளிந்திருந்து, இவன் இருக்கிறானா என்று மணிக்கு ஒரு தரம் பார்த்து, இல்லை என்றால் திரும்ப வைத்துவிடுகிறானாம். அவனையும் தேடிப் பிடித்தார். அதற்கப்புறமும் அவருக்குத் திருப்தி இல்லை.

"மொத்தமாத் தொடச்சுட்டுப் புதுசாப் போட்டாத்தான் நம்பி ஒக்கார முடியும்மா. இப்படியே விட்டா எங்க என்ன ஒட்டிக் கெடக்குன்னு எனக்கே தெரியாது."

கோமதி காப்பி போட உள்ளே போனாள். அவர் திரையில் வேறு ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே பேர் நாலு வரி. பக்கத்தில் தேதி, மணி. எண் எனக்கு வாசிக்கத் தெரியும். பதினொன்று ஏழு, பதினொன்று எட்டு, பதினொன்று பத்து, பதினொன்று பதிமூன்று.

"ஆச்சி, போன செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு வீட்டுல ஆரு இருந்தா?"

"நான் கீழ்வீட்டுக்குப் போயிருந்தேன்."

"சரி" என்றார். குரலைத் தாழ்த்தினார். "தொடச்சா இதுவும் போயிரும். நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா அந்தப் பையன் பாவம்லா ஆச்சி."

காப்பி வந்தது. நிதானமாக ஆற்றிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தொடச்சிரட்டுமா?" என்றார். கேட்டது கோமதியை, பார்த்தது என்னை.

"தொடைங்க" என்றேன் நான்.

ஆவணி 24, புதன்

பருப்பு உருண்டைக் குழம்பு வைத்தேன். பலவேசத்துக்குப் பிடிக்கும். பழக்கத்தில் மூன்று பேருக்கு உருட்டிவிட்டேன். மிச்சத்தை ராசாத்திக்குக் கொடுத்தேன். உப்புக் கம்மி என்றாள். எழுதி வைக்கிறேன்.

பலவேசம் போனை எடுக்கவில்லை என்று கோமதி செண்பகத்திடம் சொல்வது கேட்டது.

ஆவணி 25, வியாழன்

திசையன்விளைப் பொண்ணு வந்தாள். லிங்கசெல்வி என்று பேர். புருசன் கீழே வண்டியிலேயே நின்றான். தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.

கோமதி மறைக்கவில்லை. படங்கள் போய்விட்டன என்று சொல்லிவிட்டாள். நெல்சனுக்கு மாதிரி காட்ட என்று போனில் அனுப்பிய பதினொன்று மட்டும்தான் இருக்கிறது என்றாள்.

"எப்படிக்கா போச்சு?"

"எங்க வீட்டுல நடந்த தப்பும்மா" என்றாள் கோமதி.

தம்பி என்று சொல்லவில்லை. வீடு என்று சொன்னாள். நான் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினொன்றில் ஒன்பது பொண்ணும் மாப்பிள்ளையும். ஒன்று மணவறை அலங்காரம். மிச்சம் ஒன்று மண்டப வாசல். அதில் ஓரமாகத் தகப்பனார் நிற்கிறார். புது வேட்டி விறைப்பாக நிற்கிறது, கையில் பன்னீர்ச் செம்பு. வலது பக்கம் பாதி உடம்பு படத்துக்கு வெளியே போய்விட்டது. கேமராவைப் பார்க்கவில்லை, யாரையோ பார்த்து வாய் திறந்திருக்கிறார்.

அந்தப் பொண்ணு போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா ஆரையோ வாங்கன்னு கூப்பிடுதாவ" என்றாள்.

கோமதி எட்டி அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இதையே பெருசாப் போட்டுத் தாங்கக்கா. பாதி இருந்தாலும் சரி. ஆதார் கார்டுல இருக்க படத்த வச்சா அம்மைக்கு ஆரோ மாதிரி இருக்காம்."

அழவில்லை. மோர் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. ஏசியிருக்கலாம். நாங்களாக இருந்தால் ஏசியிருப்போம்.

ஆவணி 26, வெள்ளி

ராத்திரி முழுக்க நெல்சன் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கோமதி அந்தப் பாதிப் படத்தை வேலை செய்து, சட்டம் போட்டு, காலை ஆறு மணி பஸ்ஸிலேயே கொடுத்தனுப்பினாள். திரும்பி வந்தபோது மணி எட்டு. தோசைக்கல்லைப் போட்டாள்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். நாலு நாளாகத் தொண்டை வரைக்கும் வந்துபோனது, நின்றால் வந்துவிடும் என்று தோன்றியது.

"ஏட்டி கோமதி. அந்தப் பத்திரிகைய நாந்தான் தொறந்தேன்."

அவள் தோசையைத் திருப்பினாள்.

"தெரியும் அத்தை."

"வியாகப்பன் சொன்னானா?"

"அவுக ஒண்ணும் சொல்லல. புதன்கிழமை கம்ப்யூட்டரப் போட்டதுமே பாத்தேன். வடிவு சித்தி வீட்டுப் பத்திரிக, நாலு வாட்டி எறங்கியிருக்கு. இந்த வீட்டுல அத நாலு வாட்டி தொறக்க ஆரு இருக்கா?"

அரிசிப் பானை மேல் உட்கார்ந்தேன்.

"பின்ன ஏன் அவன ஏசுன?"

"ஆரையாவது ஏசணும்லா அத்தை." கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏசாம இருந்தா நெஞ்சு வெடிச்சிரும்போல இருந்துச்சு. உங்கள ஏசுனா நீங்க எங்க போவிய? ஒங்களுக்குப் போக ஒரு எடம் கெடையாது. அவன் ஆம்பள. எங்கயாவது போய்ப் பொழச்சுக்கிடுவான்."

"நீ எங்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

"கேட்டேன். பால் பொங்குதுன்னு எந்திச்சுப் போனிய."

என் தட்டில் இரண்டு தோசை வைத்தாள். மாத்திரையைப் பிரித்து ஓரத்தில் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. தினமும் வைப்பதுபோலத்தான் வைத்தாள்.

ஆவணி 28, ஞாயிறு

கோமதி துணி காயப்போட மாடிக்குப் போன நேரத்தில் செண்பகத்திடம் நம்பர் வாங்கிப் பலவேசத்தைக் கூப்பிட்டேன். என் நம்பர் என்பதால் எடுத்தான். திருப்பூரில் இருக்கிறானாம், கூட்டாளி அறையில், பனியன் கம்பெனி வேலை. பின்னால் மிசின் சத்தம் கேட்டது, ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது.

"ஏய்யா, அன்னிக்கு நீ தொறக்கல. நாந்தான் தொறந்தேன். சங்கரவடிவு வீட்டுப் பத்திரிகன்னு நெனச்சு."

வைத்துவிட்டானோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியாது" என்றேன். "உங்கிட்டத்தான் மொதல்ல சொல்லுதேன்."

"அவகிட்ட சொல்லாதிய. உங்கள ஏசிருவா. அவ ஏசுனா தாங்க மாட்டிய."

"நீ வந்துரு."

"லீவு கெடைக்காது அத்தை. பாப்போம்." சாப்பிட்டீர்களா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டான்.

அவன் வர மாட்டான். பாப்போம் என்று சொல்கிற குரல் எனக்குத் தெரியும்.

ஆவணி 30, செவ்வாய்

கம்ப்யூட்டர் சுத்தமாக இருக்கிறது. ஒன்றுமே இல்லாத சுத்தம். கோமதி எனக்குத் தனியாக ஒரு இடம் ஒதுக்கி, அதில் திருவிழா மட்டும் வருகிற மாதிரி வைத்திருக்கிறாள். நான் எதை அமுக்கினாலும் வேறு எதற்கும் போகாதாம். வாரத்துக்கு ஒருமுறை படங்களை இன்னொரு டிஸ்க்கில் ஏற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள். நெல்சன் ஒரு பூப்புனித நீராட்டு விழா கொடுத்திருக்கிறார். கல்யாணம் கொடுக்கவில்லை.

நாலு நாளாக யோசித்துப் பார்த்தேன். அதைச் செய்து அனுப்பியவன் எந்த ஊரிலோ இருக்கிறான். பேர் தெரியாதவன்மேல் கோபத்தை எப்படிப் பிடித்து வைப்பது? நழுவி நழுவிப் போகிறது. சங்கரவடிவு எச்சரிக்க என்று கூப்பிட்டாள், இருபத்தாறு வருசம் கழித்து எங்கள் நம்பரை எங்கிருந்தோ தேடி வாங்கியிருக்கிறாள். போகட்டும், அவளை விட்டுவிடலாம். வியாகப்பன் வாயை மூடிக்கொண்டதும் போகட்டும். நெல்சனும் போகட்டும்.

ஆனால் என்னை ஏச வேண்டிய இடத்தில் ஒருத்தி ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன், எனக்கு வாய் இல்லையா? இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்போம், மூன்றாம் நாள் சரியாகியிருக்கும். பலவேசம் உள் அறையில் படித்துக்கொண்டிருப்பான். அதைச் செய்யாமல், போக்கிடம் இல்லாதவள் என்று என்னை ஒதுக்கி வைத்துவிட்டு, கூடப் பிறந்தவனை வெளியே அனுப்பினாள். அனுப்பிவிட்டுப் பத்து நாள் எனக்கு மாத்திரை பிரித்து வைத்தாள்.

இதை எந்த நாளும் மன்னிக்க மாட்டேன். பேர் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக முழுசாக எழுதுகிறேன்: ஆ. கோமதி, என் மருமகள்.